படிவத்தில் ஏழாவது கேள்வி

'உங்கள் ஊராட்சியில் தீவுகள் எத்தனை?'
தலைநகரத்துப் படிவம்
ஒரு சின்னக் கட்டம் விட்டிருக்கிறது.
மூன்று இலக்கம் கொள்ளும்.

நான் ஸ்கார்வோய் ஊராட்சியின் எழுத்தர்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்,
இரண்டு தேவாலயம், ஒன்று ஒழுகும்.
சிவப்பு விளக்கென்று சாலையில் எதுவுமில்லை,
நின்று காத்திருக்க எங்களுக்குப் படகுத்துறை போதும்.
பெரிய பக்கத்து ஊராட்சியோடு
எங்களைக் கரைத்துவிடலாமா என்று
யாரோ யோசிக்கிறார்கள்.
யோசிக்க எண் வேண்டும்.

பழைய வரைபடம் முந்நூற்றுப் பதினாறு என்கிறது.
வரைந்தவன் டேனிஷ் அரசனின் லெப்டினன்ட்.
அவன் வந்தது வற்றத்தில்.
நூறாண்டு கழித்து வந்தவர்
பெருக்கத்தில் எண்ணினார்: இருநூற்று எழுபத்தொன்று.
இருவரும் பொய் சொல்லவில்லை.
நாற்பத்தைந்து தீவுகள்
நாளுக்கு இருமுறை மூச்சு வாங்க மேலே வந்து
மறுபடி அமிழ்கின்றன.

படகில் சீட்டுக் கிழிக்கும் ஹால்டிஸிடம் கேட்டேன்.
"ஆடு நிற்க இடமிருந்தால் தீவு.
நீர்க்காகம் மட்டும் நின்றால் பாறை."
மே மாதத்தில் ஆடுகளைப் படகிலேற்றி
புல்லுள்ள திட்டுகளில் விட்டுவருகிறவள்.
அவள் கணக்கில் எண்பத்துநான்கு.

செமெரே சிரித்தான்.
அஸ்மாராவில் பிறந்தவன், ஒன்பது வருடமாக
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போடுகிறான்.
"அந்தப் பன்னிரண்டு வளையங்களையும் சேர்த்துக்கொள்.
ஆடு நிற்காது. நான் நிற்கிறேன்,
எட்டு மணி நேரம்."

டோர்மூத் சிரிக்கவில்லை.
சிங்கி இறால் கூடுகளைக் கழுவிக்கொண்டே
முதுகைத் திருப்பாமல் சொன்னார்:
"என் தம்பி மோதிய பாறை
எந்த வரைபடத்திலும் இல்லை.
அதை எண்ணினாயா?"
அதன் பிறகு
குழாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும்.

அலுவலகம் திரும்பினேன்.
மூன்று மணிக்கே இருட்டு.
கச்சான் காற்றில் மழை படுத்துக்கொண்டு பெய்கிறது.
ஆவண அறையில் வரிப் பேரேடுகள்:
டச்சுக்காரர்கள் இறாலை உயிரோடு வாங்கி
கடல்நீர் நிரம்பிய கப்பல் வயிற்றில் கொண்டுபோன காலம்;
ஹெர்ரிங் மீன் கரையை முட்டிய இருபது குளிர்காலம்,
அப்போது இங்கே நான்கு மதுக்கடை, ஒரு பல் மருத்துவர்;
பிறகு ஒரு ஜனவரியில்
மீன் வரவில்லை.
பேரேட்டில் அந்தப் பக்கம் முழுக்க
ஒரே கையெழுத்தில் சுழியம், சுழியம், சுழியம்.

வேறொரு கோப்பு, நாற்பத்திரண்டாம் வருடம்.
மேற்கே ஷெட்லாந்துக்குத் தப்பிக்க
ஒன்பது பேர் படகுக்குக் காத்திருந்தார்கள்,
பெயரே இல்லாத ஒரு திட்டின் பிளவுக்குள்
இரண்டு இரவு, ஒரு கைக்குழந்தையோடு.
ஜெர்மானியர் கையில் பெருக்கத்து வரைபடம்.
அதில் அந்த இடம் வெறும் நீலம்.
தேடுபடகு
இருமினால் கேட்கும் தூரத்தில் கடந்துபோனது.
யுத்தம் முடிந்ததும் அதற்குப் பெயர் வைக்க
மன்றத்தில் தீர்மானம் வந்தது.
பதினொன்றுக்கு இரண்டில் தோற்றது.
காரணம் எழுதப்படவில்லை.
எழுத்தர் விட்ட வெற்றிடம் மட்டும் இருக்கிறது,
என் கட்டைவிரல் அகலத்துக்கு.

படிவத்தின் கட்டத்தில் பென்சிலால்
முந்நூற்றுப் பதினேழு எழுதினேன்.
அழித்தேன். டோர்மூத்தின் பாறைக்கு ஒன்று என்றால்
அந்தத் திட்டுக்கு? அதைச் சொன்னால்
சொல்லாமல் காத்தவர்களுக்கு என்ன பதில்?
மறுபடி எழுதினேன், பேனாவால்:
முந்நூற்றுப் பதினாறு.
வற்றத்தில் வந்த அந்த லெப்டினன்டுக்கு
குறைந்தபட்சம் கால் நனைந்திருக்கும்.

காற்று முற்றி கடைசிப் படகு ரத்தென்று
ஹால்டிஸ் போன் செய்தாள்.
தபால் நாளைக்குத்தான்.
காபி வைத்துவிட்டு பக்கத்தைத் திருப்பினேன்.

எட்டாவது கேள்வி:
'கடற்கரையின் மொத்த நீளம் (மீட்டரில்).'